வலது பக்கச் சத்தம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

என் காரில் சத்தம் வருகிறதாம். சொல்வது யார் என்றால், இன்றுவரை ஒரு சைக்கிள் செயினைக்கூடத் தானாக மாட்டியறியாத என் மகள்.

சங்கரி இரண்டு நாள் இருந்துவிட்டு இன்று சாயங்காலம் நாகர்கோவிலுக்குத் திரும்பினாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். வடிவு வழக்கம்போல் எனக்குப் பக்கத்துச் சீட்டில், சங்கரி பின்னால். பைபாஸில் ஏறி நாற்பதைத் தாண்டியதும் மகள் என் தோளைத் தட்டினாள்.

"அப்பா, கீழே என்னமோ உறுமுது. உங்களுக்குக் கேக்கலியா?"

ஒரு சத்தமும் இல்லை என்றேன். உடனே அவள் அம்மாவைக் கேட்டாள். "அது ஒரு மாசமா இருக்குன்னு அம்மா சொல்லுதாப்பா" என்றாள். ஒரு மாதமாக இருக்கிறதாம். மகளிடம் சொல்லத் தெரிந்தவளுக்குக் கட்டின புருஷனிடம், அதுவும் வண்டியை ஓட்டுகிறவனிடம் சொல்லத் தெரியவில்லை.

இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி சங்கரி கட்டிய புதுவீட்டுக்குப் பால் காய்ப்பு. சீர்ப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு நானும் வடிவும் முதல் நாளே காரில் போவதாக ஏற்பாடு. பஸ்ஸில் ஏறும்போது சொல்கிறாள்: "இந்தச் சத்தத்தோட ஹைவேயில வந்துராதீங்கப்பா. சரியாகலன்னா காரைக் குடுத்துருங்க, வேணுங்கும்போது டாக்ஸி வச்சுக்கிடலாம்."

அதையும் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னாள். இப்போதெல்லாம் என்னிடம் எல்லோருமே இப்படித்தான். ஒன்று கத்துகிறார்கள், இல்லாவிட்டால் முணுமுணுக்கிறார்கள். ஒழுங்காகப் பேச ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் தனியாகப் போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, பைபாஸில் எழுபது வரை ஓட்டிப் பார்த்தேன். நியாயம் நியாயம்தான், ஒரு உறுமல் இருக்கிறது. லேசாக. பின்னால், வலது பக்கம். அதில் சந்தேகமே இல்லை.

பேரிங் போய்விட்டது. சக்கரத்தை அச்சோடு பிடித்துக்கொண்டிருக்கிற ஹப்புக்குள் இந்த பேரிங் இருக்கிறது. உள்ளே இருக்கும் குண்டுகள் தேய்ந்தால் வேகத்தில் உறுமும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் சக்கரமே ஆட ஆரம்பிக்கும்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருடம் நூற்பாலையில் மிஷின்களைப் பழுது பார்த்தவன் நான். ஷெட் முழுக்க மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூடிரைவர் நுனியை பேரிங் இருக்கும் இடத்தில் அழுத்தி, கைப்பிடியைக் காதோடு ஒட்டவைத்துக்கொள்வேன். ஒரு குண்டு நசுங்கியிருந்தாலும் தெரிந்துவிடும். மானேஜர்கள் வருவார்கள், போவார்கள். எவர் வந்தாலும் ஒரு மிஷினைப் பிரிக்கும் முன்னால், "கோமதிநாயகம் கேட்டுப் பாத்தாரா?" என்றுதான் கேட்பார்கள். அப்பேர்ப்பட்டவனிடம் வந்து, கேக்கலியா என்றால் கோபம் வருமா வராதா.

ஆகஸ்ட் 6, புதன்

வடிவின் தொந்தரவு தாங்காமல் பைபாஸ் ஓரத்து சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் வண்டியை ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். இறங்கினதும் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் ஏதோ சொன்னார். நிமிர்ந்து சொல்லுங்கள் என்றேன்.

"லெஃப்ட் சைடு ரியர் பேரிங் சார். ஆனா ரெண்டு சைடும் மாத்திருவோம். டிரம், பிரேக் ஷூ எல்லாம் சேத்து மாத்திட்டா உங்களுக்கு டென்ஷன் இல்ல."

யாருக்குக் காது குத்துகிறார். ஜாக்கி வைக்கவில்லை, சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை, ஸ்க்ரூடிரைவர் என்ற பொருளை அவர் கண்ணால் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். இடது பக்கமாம். வலது பக்கம் என்று நான் சொன்னதற்குச் சிரித்தார். வீட்டிலேயே நான் மாற்றிக்கொள்கிறேன் என்றதும், "அதெல்லாம் வீட்ல பண்ற வேலை இல்ல சார்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழியில் ஒன்றும் பேசாத வடிவு, வீட்டில் காபி ஆற்றிக்கொண்டே, "எனக்கும் என் பக்கந்தான் தோணுது" என்றாள். அவள் உட்காருவது இடது பக்கம். அதனால் அவளுக்கு இடது பக்கமாகத் தோன்றும். இதைப் புரியவைத்தேன். "அப்ப நீங்க உக்காருதது வலது பக்கம்லா?" என்றாள். இது விதண்டாவாதம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வாசல் அழைப்பு மணி வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் பழுது. வடிவு வெளியே போயிருந்த நேரத்தில் கூரியர்காரர் இரண்டு தடவை வந்து அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். கம்பெனிக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

ஹப் வாங்கினேன். இந்த வண்டிக்கு பேரிங் தனியாக வராது, ஹப்போடு சேர்ந்து ஒரே உருப்படி. கடைக்காரர் இரண்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். "ஒரு பக்கம் போயிட்டுன்னா மறுபக்கமும் ரொம்ப நாள் தாங்காதுண்ணாச்சி. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சாமான்தான்."

நன்றாக இருக்கிற ஒன்றைக் கழற்றி எறிகிற வழக்கம் எனக்கு இல்லை என்றேன். ஒன்று போதும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முடித்துவிட்டேன். இடுப்பு வலிக்கிறது, பரவாயில்லை.

காலை ஆறு மணிக்கே வண்டியை வாசலில் சமதளமாக நிறுத்தினேன். இந்த வேலைக்கு ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, போட்டால் பின்சக்கரத்து பிரேக் டிரம் கழலாது. அதனால் முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடினேன். ஒரு பக்கத்துக்குச் செங்கல் கிடைத்தது. மறுபக்கத்துக்கு அடுக்களைக் குழவியை எடுத்துக்கொண்டேன். அதற்கு வடிவு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் கோயில் சிலையைத் தூக்கி வந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டும்.

வண்டி தரையில் இருக்கும்போதே சக்கரத்து நட்டுகளை இளக்கி, பிறகு வலது பின்பக்கம் ஜாக்கி ஏற்றி, அடியில் ஸ்டாண்டு கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்கிறவன் முட்டாள். சக்கரத்தைக் கழற்றும் முன் சுற்றிவிட்டு ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டேன். இரைச்சல் பெரிதாக இல்லை. சக்கரத்தில் பாரம் இல்லாதபோது அப்படித்தான் இருக்கும்.

அதற்குள் எதிர்வீட்டு ராஜாமணி வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். எந்த வீட்டில் எந்த வேலை நடந்தாலும் அங்கே அவர் இருப்பார். டிரம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. "சுத்தியலால ஓங்கிப் போடுங்க அண்ணாச்சி" என்றார். ஓங்கிப் போட்டால் டிரம் உடையும். அதில் போல்ட் ஏறும்படி இரண்டு மரையோட்டைகள் வைத்திருக்கிறார்கள், அவற்றில் இரண்டு போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கினால் டிரம் தானே வெளியே வந்துவிடும். வந்தது.

நடுவில் இருக்கும் பெரிய நட்டுதான் உயிரை வாங்கியது. அதன் விளிம்பை அச்சின் பள்ளத்தில் மடக்கி வைத்திருப்பார்கள். உளியால் நிமிர்த்திவிட்டு, பாக்ஸ் ஸ்பேனர் மாட்டி, கைப்பிடியில் ஒரு ஆள் நீளப் பைப்பைச் சொருகி அழுத்தினேன். அசையவில்லை. ஏறி நின்று பார்த்தேன். அசையவில்லை. ராஜாமணி மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார்.

வடிவு விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு என்னோடு பைப்பைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தம் அழுத்தினோம். சட்டென்று விட்டுக்கொடுத்தது. வடிவு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ராஜாமணி பார்த்துக்கொண்டிருந்ததால் சிரிக்கவில்லை.

பிறகு எல்லாம் லேசு. பழைய ஹப்பை உருவி, அச்சைத் துடைத்துக் கிரீஸ் தடவி, புதியதை ஏற்றி, புது நட்டுப் போட்டு, அளவுக்கு முறுக்கி, விளிம்பை மடக்கினேன். கழற்றிய ஹப்பை ராஜாமணி கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா வழுக்கிட்டுத்தானே சுத்துது?"

அவருக்கு அப்படித்தான் தெரியும். என் கைக்கு உள்ளே ஒரு நெருடல் இருந்தது. இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஓட்டிப் பார்த்தோம். சத்தம் போய்விட்டது. ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே, அது ரோட்டின் லட்சணம். ஜல்லியை வாரி இறைத்து அதற்கு மேல் தாரைக் காட்டிவிட்டுப் போகிற கான்ட்ராக்டர்கள் இருக்கும்வரை எந்த வண்டியும் உறுமத்தான் செய்யும்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் வடிவு முன்பக்கமாகச் சுற்றி என் கதவுப் பக்கம் வந்து நின்றாள்.

"அப்படியேதான் இருக்கு" என்றாள்.

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. முழங்கை வரை கிரீஸ். இதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை, அப்படியேதான் இருக்கு. வேண்டுமென்றே சொல்கிறாள். மகள் சொல்லிவிட்டாள் அல்லவா, மகள் வாக்கு வேதவாக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு வேளையும் உப்புமா.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சங்கரி போன் செய்தாள். கொடியேற்றின மிட்டாய் இனிப்பு வாயில் இருக்கும்போதே கசப்பு மருந்து கொடுத்தாள்.

"அப்பா, கோவப்படாதீங்க. ஒருதடவ காது டாக்டர்ட்ட காட்டுவோமா? மில்லுல வேல பாத்த நெறைய பேருக்கு வருமாம்."

சத்தம் காரில், வைத்தியம் எனக்கு. நல்ல நியாயம். என் காதுக்கு என்ன கேடு? நீ பேசுவது இதோ ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கிறதே என்றேன். "போனை எந்தக் காதுல வச்சிருக்கீங்க?" என்றாள். எந்தக் காதில் வைத்தால் என்ன, எல்லோரும் வைக்கிற காதில்தான். போனை வடிவிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவும் மகளும் அரை மணி நேரம் குசுகுசுத்தார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் இந்தக் காதை வைத்துத்தான் இவர்கள் சோறு தின்றார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்திருக்கிறது என்று வடிவு கழுகுமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்றாள். காரை எடுத்தேன். மனமில்லாமல்தான் ஏறினாள்.

திரும்பும்போது ஊருக்குள் பிரியும் இடத்தில் இண்டிகேட்டர் போட்டு இடதுபுறம் ஒதுக்கினேன். வடிவு பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் தள்ளினாள். அதே நொடியில் ஒரு லாரி எங்களுக்கு இடதுபுறமாக, கண்ணாடியை உரசுகிற மாதிரி கடந்து போய் நின்றது. ஹாரன் அடிக்காமல் இடதுபுறம் நுழைகிறவனை என்னவென்று சொல்வது. இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டேன். அவன் என்னைவிடக் கோபமாக இருந்தான்.

"எவ்வளவு நேரமா அடிச்சிட்டே வாரேன், உங்களுக்குக் கேக்கலியா ஐயா? வீட்டம்மா மட்டும் இல்லன்னா இன்னைக்கு ஜெயிலுக்குப் போறது நானு."

அடித்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். ரோட்டில் நின்றவர்களும் அடித்தான் என்றார்கள். எல்லோரும் லாரிக்காரன் கட்சி.

வீட்டு வாசலில் இறங்கியபின் வடிவு சொன்னாள்: "இனி இந்தக் கார்ல நான் ஏற மாட்டேன். சங்கரி வீட்டுக்குப் பாத்திரத்த எடுத்துக்கிட்டு பஸ்ல போய்க்கிடுதேன். நீங்க எப்படியும் வாங்க."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கோபத்தில் சொன்ன மாதிரியும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் இல்லாமல் அவள் ஒரு ஊருக்குப் போனதில்லை. ஸ்கூட்டர் வைத்திருந்த காலத்தில் மழையில் நனைந்துகொண்டே பின்னால் உட்கார்ந்து வந்தவள். மகள் வீட்டுப் பால் காய்ப்புக்கு அவள் பஸ்ஸிலும் நான் காரிலும் போய் இறங்கினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? சம்பந்தி நினைப்பது கிடக்கட்டும். எனக்கே அது பொறுக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வடிவு வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் இடது பின்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றினேன். பழுது பார்க்க இல்லை. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று அவள் வந்ததும் ஸ்க்ரூடிரைவரை அவள் கையிலேயே கொடுத்துக் கேட்கவைக்கலாம் என்று. அப்போதாவது ஏற மாட்டேன் என்பதை விட்டுக்கொடுப்பாள் என்று.

சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டேன். நுனியை உள்பக்கத் தகட்டில், ஹப்புக்கு அருகில் அழுத்தினேன். கைப்பிடியைக் காதில் வைத்தேன்.

கரகரவென்று அரைத்தது. மணலை அள்ளிப் போட்டு அரைக்கிற மாதிரி. போகப்போகிற பேரிங் இல்லை, போயே போய்விட்ட பேரிங். மில்லில் இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே மிஷினை நிறுத்தச் சொல்லியிருப்பேன். இதை வைத்துக்கொண்டுதான் கழுகுமலை போய் வந்திருக்கிறோம். அந்த அடையாள அட்டைக்காரர் சொன்னது சரி. வடிவு சொன்னது சரி.

வண்டி ஓடும்போது இது ஏன் எனக்கு வலது பக்கமாகக் கேட்டது என்று யோசித்தேன். சக்கரத்தை இன்னொரு தடவை சுற்றிவிட்டு, கைப்பிடியை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினேன்.

சக்கரம் நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். சுற்றிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூடிரைவர் சரியில்லையோ என்று உள்ளே போய்ப் பெரியதாக ஒன்று எடுத்து வந்தேன். அதிலும் அப்படித்தான்.

ஜாக்கியை இறக்கிவிட்டு, வடிவு வருவதற்குள் கையைக் கழுவிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்னொரு ஹப் வாங்கினேன். கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

இடது பக்க ஹப்பை மாற்றியாயிற்று. இந்தத் தடவை பாதி நேரம்கூட ஆகவில்லை. வடிவு கேட்காமலே குழவியைக் கொண்டுவந்து முன்சக்கரத்தில் வைத்துவிட்டுப் போனாள். கழற்றிய ஹப் கையால் சுற்றும்போதே இடறியது. ராஜாமணிக்குக் காட்டினேன். "அப்ப அது நல்லதுதான், இதுதான் போனதுன்னு சொல்லுங்க" என்றார். ஆமாம் என்றேன். என்ன செய்வது.

சாயங்காலம் வடிவைக் கூப்பிட்டேன்.

"ஏற மாட்டேன்னு சொன்னேம்லா" என்றாள்.

"ஊருக்குப் போகச் சொல்லல. நீ கேட்டுச் சொல்லு. எனக்குச் சரியாத் தெரியல" என்றேன்.

என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். சேலையை மாற்றாமல் அப்படியே வந்து ஏறினாள்.

பைபாஸில் எழுபது வரை போய், ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அவள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டேன்.

"இருக்கா?"

"இல்ல. சுத்தமாப் போயிட்டு."

"நீ சொன்னதுதான் சரி. இடதுதான் போயிருந்தது."

இந்த வாக்கியத்தைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வடிவுக்கும் கேட்டுப் பழக்கமில்லை போலிருக்கிறது. பிறகு, "உங்களுக்கு மட்டும் ஏன் வலதுல கேட்டுச்சு?" என்றாள்.

"எனக்கு எல்லாமே வலதுலதான் கேக்குது. இந்தக் காது போயிட்டு. முழுசா."

திட்டுவாள், அல்லது நான் அப்போதே சொல்லவில்லையா என்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகப் பதில் வைத்திருந்தேன். அவள் என் இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு நாளா?"

"தெரியல. புதன்கிழமதான் எனக்கே தெரியும்."

"சங்கரிய கல்யாணம் முடிஞ்சு நாகர்கோவில்ல விட்டுட்டுத் திரும்பி வந்தோம்லா," என்றாள். "வள்ளியூர்கிட்ட வச்சு உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"இனி வீட்டுல நீங்களும் நானும் மட்டுந்தானே, என்ன செய்யப் போறோம்னு கேட்டேன். நீங்க ரோட்டையே பாத்து ஓட்டிக்கிட்டு இருந்தீங்க. பெறகும் ஒருதடவ கேட்டேன். அப்பயும் நீங்க வாயத் தொறக்கல. சரி, பிள்ள போயிட்டா, இனி இவுகளுக்கு நம்மகிட்ட பேச ஒண்ணுமில்ல போலன்னு விட்டுட்டேன். அதுக்குப் பெறகு நான் கார்ல பேசுததே இல்ல. நீங்க அதக் கவனிச்சீங்களா, தெரியாது."

கவனித்தேன். ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். பார்க்கட்டும் என்று எத்தனையோ தடவை மெதுவாக ஓட்டியிருக்கிறேன். அதை அவளிடம் சொன்னேன்.

"மெதுவா ஓட்டுனா எனக்கு உயிரு போகுத மாதிரி இருக்கும். எப்பம்டா வீடு வரும்னு இருப்பேன்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சங்கரிக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. முப்பது வருடம் அந்த ஷெட்டில் நிற்கவைத்து, காதுக்கு ஒரு பிடி பஞ்சுகூடக் கொடுக்காத மில்காரர்கள்மேல் வந்தது. அதை அப்போது கேட்காத என்மேல் வந்தது. வடிவுமேலும் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். தோளைத் தட்டி, ஏன் பதில் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டேவிட்டேன்.

"கேக்கலன்னு தெரிஞ்சா தட்டலாம். பிடிக்கலன்னு நெனச்சவ எப்படித் தட்டுவா?" என்றாள்.

வண்டியைக் கிளப்பி வீட்டுக்கு வந்தோம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சங்கரி நாகர்கோவிலில் காது டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாளாம். விசேஷம் முடிந்த மறுவாரம். சரி என்றேன். சரி என்று சொன்னதற்கு அம்மாவும் மகளும் இவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க வேண்டாம். இடதுபுறக் கண்ணாடியில் ஒட்டும் சின்ன வட்டக் கண்ணாடி ஒன்றையும் வாங்கி ஒட்டியிருக்கிறேன். இனி காதை நம்பி ஒதுங்கப் போவதில்லை.

அழைப்பு மணி கம்பெனிக்குக் கடிதம் போகவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாகர்கோவில், சங்கரியின் புதுவீடு. மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், பெயிண்ட் வாடையில் தலை வலிக்கிறது.

காலையில் காரை வாசலுக்கு எடுத்து, வடிவுக்காக முன்கதவைத் திறந்து வைத்தேன். அவள் குத்துவிளக்கைக் கொண்டுவந்து என் பக்கத்துச் சீட்டில் நிறுத்தி, அதற்கு பெல்ட்டும் மாட்டிவிட்டாள். பித்தளைத் தவலை கீழே. பிறகு சுற்றி வந்து எனக்கு நேர் பின்னால், வலது பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அங்க எதுக்கு?"

"இங்க இருந்து பேசுனாத்தான் உங்களுக்குக் கேக்கும்."

ராஜாமணி சும்மா இருப்பாரா. "என்ன அண்ணாச்சி, மதினிக்கு டிரைவராப் போறீங்களா?" என்றார். சுங்கச்சாவடியில் இருந்த பையனும் என்னை விட்டுவிட்டு, குனிந்து பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு வணக்கம் வைத்தான். மனிதனுக்கு வேறு வேலை இல்லை.

கயத்தாறு தாண்டியதும் ஆரம்பித்தாள். அவள் அண்ணன் மகன் கல்யாணத்தில் நான் பெண் வீட்டாரிடம் பேசியது தப்பாம். வீட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னாளாம், மூன்றும் காரில்தானாம். அவளுக்கு முட்டுவலி வந்தது, மருந்து மாற்றியது, தனியாக இருக்கும் தன் தங்கையை நம்மோடு வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தது, அந்த ஆசையைப் பிறகு விட்டது. எல்லாம் எனக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. இடையிடையே, "கேக்குதா?" என்பாள். கேட்கிறது என்பேன். மறுபடி தொடர்வாள். புது பேரிங்கில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது என்று நினைக்கிறேன், அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை.

வள்ளியூர் வந்தது. ஊர் தாண்டுகிற சமயத்தில் பின்னாலிருந்து கேட்டாள்.

"இனி என்னதான் செய்யப் போறோம்?"

"சாயங்காலமானா எங்கயாவது போய்ட்டு வருவோம். கார் நல்லாருக்கு. நீயும் நானும்."

"எங்க?"

"குத்தாலம்."

"குத்தாலத்துல கூட்டம்."

"அப்பம் திருச்செந்தூர்."

"சாயங்காலம் போனா என்னைக்குத் திரும்புதது? அதுவும் உங்க ஓட்டுக்கு."

என் ஓட்டுக்கு என்ன குறை என்று கேட்டேன். சொன்னாள். நான் ஒன்று சொன்னேன், அவள் ஒன்பது சொன்னாள். ஆரல்வாய்மொழிக் காற்றில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தொடர்ந்தோம். ஒருவரிடம் கேள்வி கேட்டு வாங்கிய பதிலையெல்லாம் இப்படித் தள்ளிவிடுவது எந்த ஊர் நியாயம் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது வீடு வந்துவிட்டது.

சங்கரி கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். முன்சீட்டில் குத்துவிளக்கையும் பின்சீட்டில் அம்மாவையும் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஏம்மா பின்னாடி உக்காந்திருக்க? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"ஆமா," என்றேன். "வள்ளியூர்லேர்ந்து."